பன்னிரண்டாம் வரிசை

சப்போரோவில் பிப்ரவரி. தெருவோரப் பனி இடுப்பு உயரம்.
பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்
கோஹெய்யும் மிஹோகோவும்.
பையில் ஒரே ஒரு இசைத்தட்டு:
நால்வர் வாசிப்பு, உறையில் காப்பிக் கறை.

"நரம்பு நரம்பாகவே கேட்க வேண்டும்" என்றான்.
என் கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பது அதைத்தான்.
குடல் நரம்பா, உருக்குக் கம்பியா என்று
திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள்.
அவள் விழிக்கவில்லை.
இடத் தாடைக்குக் கீழே காசளவு காய்ப்பு.
வயோலா.

முதல் கார்ட்ரிட்ஜ், உருண்டை முனை, பழைய குணம்.
செல்லோ வெல்லப்பாகாக இறங்கியது.
கோஹெய் கண்ணை மூடிக்கொண்டான்.
"வில் எங்கே?" என்றாள் மிஹோகோ.
"வெண்ணெயில் கத்தி போகிறது."

இரண்டாவது, எதையும் மறைக்கத் தெரியாத வகை.
வயலின்கள் தகரக் கூரையில் ஆலங்கட்டி.
பாதித் தடத்திலேயே தூக்கிவிட்டேன்.

மூன்றாவது கிடங்கில் இருந்தது.
குளிரில் உள்ளே ரப்பர் விறைத்துப் போயிருக்கும்,
மயிரிழைத் தண்டு அசைய மறுக்கும்.
அடுப்பருகே வைத்துவிட்டு
பார்லித் தேநீர் ஊற்றினேன்.
இருபது நிமிடம் யாரும் பேசவில்லை.

பிறகு ஊசி இறங்கியது.
குதிரைவால் முடி
குதிரையை நெருங்கும்போது எழும் அந்தச் சுரண்டல்.
வில் திரும்பும் இடத்தில்
எறும்பு மூச்சு வாங்குவது போல ஒன்று.
யாரோ பக்கம் புரட்டுகிறார்கள்.
அவள் விரல் தானாகக் காய்ப்புக்குப் போனது.
"இதுதான்."

"இதுவா?
பதினேழு வருடமாகப் பன்னிரண்டாம் வரிசையில் உட்காருகிறேன்.
ஒருநாளும் நீ இப்படி ஒலித்ததில்லை."

"நான் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லையே."

சண்டை என்று சொல்ல முடியாது.
பனி அள்ளும் வண்டி ஒன்று வாசலைக் கடந்து போகும்வரை
மூவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
அவள் எழுந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
முதலாவதை மறுபடி போடச் சொன்னாள்.
ஒரு பக்கம் முழுக்க
கோட்டுப் பொத்தானைத் திருகியபடி கேட்டாள்.

"உனக்கு நான் இவ்வளவு வழவழப்பா?"

அவன் காது சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"இதையே கட்டிக் கொடுங்கள்" என்றாள் என்னிடம்.

அவர்கள் போனபின்தான் தராசை எடுத்தேன்.
இரண்டரை கிராம் வைக்க வேண்டிய ஊசிக்கு
இரண்டே முக்கால் வைத்திருக்கிறேன்.
எல்லை மீறவில்லை, ஊசிக்கும் தட்டுக்கும் சேதமில்லை.
ஆனாலும் அந்தப் பாகில்
ஒரு கரண்டி என் கைப்பிசகு.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி.
"எடை எவ்வளவு வைப்பது?" அவள் குரல்தான்.
பின்னால் ஒலிபெருக்கி சும்மா இரைந்துகொண்டிருந்தது,
யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

இரண்டே முக்கால், என்றேன்.