வலப்பக்கம் சாயும் எழுத்து

இந்த எழுத்துக்கு நுனியில் குஞ்சம் கிடையாது.
தொடங்கிய பருமனிலேயே முடியும்,
வளைத்து வைத்த கட்டுக்கம்பி மாதிரி.
சாய்வு என்றால்
ஆனி மாதம் பணகுடி தாண்டும்போது
காற்றுக்குத் தோள் கொடுத்து
பைக்காரன் ஒருக்களிப்பானே, அந்த அளவு.

வள்ளியூரில் என் ஸ்டிக்கர் கடை
பத்துக்குப் பன்னிரண்டு.
மெஷின் வெட்டும்.
வேண்டாததைப் பிளேடு முனையால்
கொத்தி உரிப்பது நான்.
ஒல்லி எழுத்து உரிக்கும்போதே கையோடு வந்துவிடும்,
ஒட்டினாலும் இரண்டு வாட்டர் வாஷ் தாங்காது.
ஆகவே தடிமன்.

தடித்தால் தமிழுக்கு மூச்சு முட்டும்.
ணகரத்தின் சுழி அடைத்துக்கொள்ளும்,
இகரம் கண்ணை மூடும்.
டகரம் சாய்ந்தால்
பஸ்ஸில் உடைந்த சீட்.
ஒவ்வொரு சுழியாக மவுஸில் பிடித்து
கொஞ்சம் அகட்டிவிடுவேன்.
இதற்குத் தனிக் காசு யாரும் தருவதில்லை.

மினிபஸ், கபடி பனியன், தண்ணீர் கேன் வண்டி,
பாஸாக்கிக் காட்டும் டியூஷன் சென்டர்
எல்லாருக்கும் இதுதான் வேண்டும்.
இருந்த இடத்தை விட்டு அசையாத
மாவு மில்லுக்கும் கேட்டார் சிதம்பரவடிவு.
பட்டுப்புடவைக்காரர்கள் மட்டும்
சுருள் சுருளாகக் கேட்பார்கள்.

பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கி
அருமைநாயகம் அண்ணாச்சி வாசலில் நிறுத்தினார்.
அவசர ஊர்தி.
"அமரர் ஊர்தின்னு மாத்தணும்."
முழுக்க உரித்துவிட்டு
நேராக நிற்கும் எழுத்தில் போடலாம் என்றேன்,
உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன அவசரம்?

"அவருக்கு இல்லம்மா.
திருவனந்தபுரத்துல இறங்கி
டாக்ஸி பிடிச்சு வாறாம்லா மவன், அவனுக்கு.
ஐகிரவுண்டுல இருந்து எடுத்துட்டு
நாங்குநேரி தாண்டல, அதுக்குள்ள ஏழு போன்.
பாதி எழுத்து ஒண்ணுதான,
பாத்துச் செய்யி."

பார்த்தேன்.
அகரம் இருக்கட்டும்.
வகரமும் சகரமும் போய்
மகரமும் ரகரமும் வந்தால் போதும்.
கடைசி ரகரத்தின் தலையில் ஒரு புள்ளி.
ஊர்தி ஊர்தியாகவே இருக்கும்.
பக்கத்துக்கு இரண்டு எழுத்து, ஒரு புள்ளி,
நானூறு ரூபாய் பேசி முந்நூற்றைம்பது.

ஹீட் கன் காட்டி உரித்தேன்.
வெயில் குடித்த பழைய சிவப்புக்கு நடுவே
என் புதுச் சிவப்பு
கொஞ்சம் துடுக்காகத்தான் தெரிந்தது.

வலப்பக்கத்தில் எழுத்து
வண்டியோடு சேர்ந்து முன்னால் பாய்ந்தது.
இடப்பக்கம் வந்தேன்.
வண்டியின் மூக்கு இங்கே என் இடக்கைப் பக்கம்.
எழுத்து சாய்வதோ வலக்கைப் பக்கம்,
அதாவது பின்கதவை நோக்கி.
வண்டி போகும், எழுத்து வரமாட்டேன் என்னும்.
மினிபஸ்ஸுக்கு என்றால்
இந்தப் பக்கத்தைத் திருப்பிச் சாய்த்துத்தான் வெட்டுவேன்.
முதலில் ஒட்டியவன் பார்க்கவில்லை.

இடப்பக்கம்தான் தெருவில் நிற்கிறவர்கள் பார்க்கும் பக்கம்.
எதிரே வரும் லாரிக்காரனுக்கு மற்றது.

நான் சொல்லவில்லை.
மகரத்தையும் ரகரத்தையும்
பழைய சாய்வுக்கே பொருத்தி
ரப்பர் கட்டையால் தேய்த்தேன்.

ஐப்பசி மழை கழிந்து ஒருநாள்
அண்ணாச்சி ஹாரன் அடித்தார்.
இடப்பக்கத்துப் புள்ளி உதிர்ந்து,
மெய்யாக நின்ற ரகரத்தில்
உயிர் ஏறியிருந்தது.
யாராவது படித்தார்களா என்று கேட்டேன்.
"எவன் படிக்கான்" என்றார்.

சிவப்புத் துண்டில் ஒரு புள்ளி வெட்டி
வண்டியின் தூசியைத் துடைத்து
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்,
பசை பற்றும் மட்டும்.

பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்.