கோட்டைவாசலில் இரவு முறை

மலையிறங்கி வரும் வண்டிகளின்
டயருக்கு மருந்தடிப்பது என் வேலை.
பறவைக் காய்ச்சல் ஓயும்வரை தினக்கூலி,
ஒரு மஞ்சள் கோட்டு,
முதுகில் பதினாறு லிட்டர்.

புளியரைக்கு மேலே இந்த வளைவுக்குப் பெயர் கோட்டைவாசல்.
கோட்டை கிடையாது.
வாசல் என்றால் இரண்டு தார் டிரம்,
குறுக்கே ஒரு மூங்கில்,
அதில் யாரோ கட்டிவிட்டுப் போன சிவப்புத் துணி.

இரண்டு மணிக்கு மேல் வண்டி குறையும்.
கீறல் விழுந்த போனைத் திறந்து
என் இன்னொரு கோட்டைக்குப் போவேன்.
அங்கே நான் இடிவேந்தன், லெவல் நாற்பத்தொன்று.
இங்கே வெள்ளத்துரை.
சம்பளப் பதிவேட்டில் வெள்ளைத்துரை.

காலி முட்டை அட்டைகளோடு திரும்புகிற
புனலூர் ரெஜி
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"ஈ லோகத்துல போயித் தாமசிக்கச் சொன்னா, துரை, நீ போகுமோ?"

போவேன் என்றேன், கண்ணை எடுக்காமல்.
அங்கே ஒரு ஆப்பிள் தின்றால் முதுகுவலி தீரும்.
காட்டுப்பன்றியை வெட்டினால்
வயிற்றுக்குள் காசிருக்கும்.
மழை பெய்யும், கோட்டு நாறாது.
ஆகாதவன் வந்தால்
தலைக்குமேல் அவன் பெயர் சிவப்பாய் எரியும்,
வட்டிக்காரனை அரை மைலிலேயே கண்டுகொள்ளலாம்.

ரெஜி பீடியைப் பற்றவைத்தான்.
"மூத்திரம்?"
"என்ன?"
"நாலு கொல்லமாயி களிக்குது.
அயாள் ஒரு தரமாச்சும் ஒதுங்கிக் கண்டுதோ?"

காணவில்லை.
இடிவேந்தன் ஒதுங்கியதுமில்லை,
ஊருக்குப் பணம் அனுப்பியதுமில்லை.

அந்தக் கோட்டையின் வடக்கு வாசலில் ஒருவன் நிற்பான்.
ஈட்டி, துருப்பிடித்த தொப்பி.
எத்தனை முறை தொட்டாலும் ஒரே வாக்கியம்:
"இருட்டில் காட்டுக்குள் போகாதே, பயணியே."
நாலு வருஷத்தில் அவனை மாற்றிவிட
வேறு ஆள் வந்து பார்த்ததில்லை.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
ரப்பர் ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது.
"கண்ணாடிய ஏத்து, மெதுவா உருட்டு" என்றேன்.
பின்னால் இன்னொன்று.
"கண்ணாடிய ஏத்து, மெதுவா உருட்டு."
ரெஜி சிரித்த பிறகுதான்
எனக்கும் காதில் விழுந்தது.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

போன செவ்வாய், கொல்லம் பஸ்.
ஐந்தாவது சீட்டில் ஒரு பெண்பிள்ளை,
மடியில் பள்ளிக்கூடப் பை,
மூச்சுவிட ஜிப்பில் நாலு விரல் இடைவெளி.
உள்ளேயிருந்து மஞ்சள் அலகு ஒன்று
என்னைப் பார்த்தது.
டாக்டர் படியில் நின்றார்.
உத்தரவு எழுத்தில் இருந்தது.
அவள் அழவில்லை.
"அந்த பேக் மாத்திரம் தருமோ" என்றாள்.
தலைகீழாய்ப் பிடித்து உதறினாள்,
ஒரு ரப்பர், இரண்டு தூவி.

அங்கேயென்றால்
படியேறும் முன்னால் சேவ் பண்ணியிருப்பேன்.
ஒரு முறை பிடுங்கிப் பார்த்துவிட்டு
மறுமுறை ஐந்தாவது சீட்டைத் தாண்டிப் போயிருப்பேன்.
இன்னொரு முறை படியேறாமலே
தகரத்தைத் தட்டி "போலாம்" என்றிருப்பேன்.
எல்லா முறையும் அவள் அதே சீட்டில்,
அதே ஜிப், அதே நாலு விரல்.

அப்படி எத்தனை முறை மீண்டு வந்தாலும்
சுண்ணாம்புக் குழிக்குள் போனது
எந்த வாத்து?

"ஞான் போகில்ல" என்றான் ரெஜி, கேட்காமலே.
"அவிட ஆரும் முட்டை திங்கில்ல. எனிக்கு லோடு கிட்டில்ல."
கிளம்பிவிட்டான்.
அவன் டயர் போன இடத்தில்
மருந்து நாற்றம் கொஞ்சம், பீடி வாசம் கொஞ்சம்.

மூங்கிலுக்கு அந்தப் பக்கம்
ஆரியங்காவு முழுக்கப் பனி.
விளையாட்டில் இப்படி வெளுத்துக் கிடந்தால்
அங்கே நிலம் இன்னும் செய்யப்படவில்லை என்று அர்த்தம்,
எவ்வளவு நடந்தாலும் கால் நின்ற இடத்திலேயே ஓடும்.

செய்யப்படாத அந்த இடத்திலிருந்து
இரண்டு மங்கல் விளக்குகள்,
ஒன்று மற்றதைவிடச் சற்றே தாழ்ந்து,
வளைவு திரும்பி
என்னை நோக்கி வந்தன.
போனை மூடினேன்.
தொட்டியில் இன்னும் பாதி இருந்தது.