கத்தரிப்பூ நிற வண்டி

திங்கள் அதிகாலை மூன்றே முக்கால்.
பாசிர் பாஞ்சாங் முனையத்தில்
பிரைம் மூவரை வரிசையில் நிறுத்திவிட்டு
ஓய்வறைக்கு ஓடுகிறேன். பதினைந்து நிமிடம்.
கோப்பி ஓ பை ஆணியில் ஆடுகிறது.
காதில் செருகியதும்
பூமிக்கு அந்தப் பக்கம் ஞாயிறு மதியம்.

நாற்பது கார்கள்.
இடப்பக்கமே திரும்பித் திரும்பி
இருநூற்று அறுபத்தேழு சுற்று.
அப்பிரதட்சணம்!
எந்தச் சாமியிடம் இத்தனை கோபம் என்று
முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன்.

என் ஆள் டெல்மர் ஹாஸ்கின்ஸ்.
எண்பத்து மூன்றாம் எண்.
கதவில் ஏதோ ஒரு சிற்றூரில்
சாக்கடை அடைப்பெடுக்கும் கடையின் பெயர்.
முன்வழுக்கை. ஜெயித்தது ஒரே ஒரு தடவை,
அதுவும் மழை வந்து பாதியில் நிறுத்திய பந்தயம்.

ஏன் இவன் என்று ரோஸ்லி கேட்பான்.
போன வருஷம் கேன்டீன் டிவியில்
சுவரில் மோதி, தலைக்கவசம் கழற்றி,
மைக் நீட்டியவளிடம்
"நான்தான் தப்பா திருப்பினேன்" என்றான்.
அவ்வளவுதான்.
பன்னிரண்டு வருஷமாக இந்த யார்டில் இருக்கிறேன்,
பெட்டியை இடித்த எவனும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

இருபத்தொன்பதாவதாகக் கிளம்பியிருக்கிறான்.
படம் வேண்டாம், டேட்டா தீர்ந்துவிடும்.
கூரை மேல் நின்று அவன் காதில் பேசுகிறவன்
என் காதிலும் பேசுகிறான்:
"உள்ளே ஒருத்தன். இன்னும் உள்ளே. இன்னும்.
போயிட்டான். தாராளமா வா."
அந்தத் தாராளத்துக்காகவே கேட்கலாம்.
இருபத்து நான்கு. இருபத்திரண்டு.
மணி நான்கு.

போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும், விதி.
வெளியே வேக வரம்பு முப்பது.
'ஆறு ஒன்று நான்கு, கிரேன் பதினேழு' என்கிறது ரேடியோ.
ஆறு ஒன்று நான்கு நான்தான்.
பூவரசி என்று சொல்ல ரேடியோவில் இடமில்லை.
நாற்பதடிப் பெட்டி முதுகில் உட்காரும்போது
இருக்கை ஒரு குதி குதிக்கும்.
அடுக்குக்குப் போ, இறக்கு, திரும்பி வா.
நாங்கள் சுற்றுவது வலமா இடமா என்று
அன்றுதான் கவனித்தேன்.
இடம்தான்.

ஐந்தே முக்காலுக்கு அடுத்த இடைவேளை.
எண்பத்து மூன்று ஆறாவது இடத்தில்!
நடுவில் பெரிய விபத்தாம், பதினொரு கார்.
புகைக்குள் நுழைந்தவன்
கண்ணாடி ஒன்று மட்டும் போய் வெளியே வந்தானாம்.
எத்தனை தாராளம் சொல்லியிருப்பான் கூரைக்காரன்,
ஒன்றுகூட நான் கேட்கவில்லை.

பரோட்டா ஆறுகிறது.
இப்போது பெட்ரோல் கணக்கு.
ஒன்றரைச் சுற்றுக்குப் பற்றாது, மிச்சம் பிடி என்கிறான்.
"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."
கடன்காரனுக்குப் பதில் சொல்கிற குரல், அது டெல்மர்.
நாற்பது சுற்று பாக்கி.
ஆறே கால். எழுந்துவிட்டேன்.

கிரேன் பதினேழு.
இன்னும் விடியவில்லை, விளக்கெல்லாம் ஆரஞ்சு.
பின்னால் வா, இன்னும், இன்னும்.
அரை மீட்டர் தாண்டி நிறுத்திவிட்டேன்.
மேலேயிருந்து ஹாரன்.
ரேடியோவைக் கையில் எடுத்தேன்.
"பிரேக் கொஞ்சம் வழுக்குது" என்றேன்.
பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனி பேருந்தில் ரோஸ்லி பின்னாலிருந்து சாய்ந்து,
"உன் ஆள் பதினொன்று."
கேலி செய்கிறவன் கடைசிவரை பார்த்திருக்கிறான்.
கடைசித் திருப்பத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம்.

பதிவைப் போட்டுக் கேட்டேன்.
இன்ஜின் இரண்டு முறை இருமி நிற்கிறது.
அதன் பிறகு காற்று மட்டும்.
"உள்ளே ஒருத்தன். ரெண்டு. மூணு.
வெளியேயும் ஒருத்தன்."
கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை.
பிறகு மெதுவாக,
"உருட்டு. உருட்டிக்கிட்டே வா."

வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு.
பேருந்து நின்றிருந்தது.
முன் இருக்கைக் கம்பியை
இரண்டு கையாலும் பிடித்துத்
தள்ளிக்கொண்டிருந்தேன்.