இரண்டாவது தட்டு

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மூத்திரச் சந்துக்கும் எலந்தைப்பழ வண்டிக்கும் நடுவில்
மஸ்தான் வலியின் சிடி கடை.
கடை என்றால் ஒரு மடக்குக் கட்டில்,
மேலே நீலத் தார்ப்பாய்.
மூன்று வாங்கினால் ஒன்று சும்மா.

பிரிண்டருக்கு மை நிரப்ப வந்தவள் நான்.
நகரியில் டிடிபி கடை.
கல்யாணப் பத்திரிகை, தெலுங்கு ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம்.
தறி முதலாளிகளுக்கு பில் புக்.
வாரம் ஒருமுறை வைரஸ்.
போன வாரம் ஒரு மாப்பிள்ளையின் பெயரையே தின்றுவிட்டது.

“லினக்ஸ் இருக்கா?”
ஒருதரம் என்னைப் பார்த்தார்.
சாமி பாட்டுகளுக்கு அடியிலிருந்து
ரப்பர் பேண்டு போட்ட மூன்று தட்டுகளை எடுத்தார்.
ஸ்கெட்ச் பேனாவில் 1, 2, 3.
“அறுபது.”
“இலவசம்னு கேள்விப்பட்டேனே?”
“உள்ள இருக்கறது இலவசம்மா. தட்டு இலவசமா?
ராத்திரி உக்காந்து எரிச்சேன், கண்ணும் சேந்து எரிஞ்சது,
அது இலவசமா?”
தமிழ்தான். ஓரத்தில் தெலுங்கு ஒட்டிய தமிழ்.
என்னுடையதும் அப்படித்தான்.

ஆடியில் ரெய்டு வந்ததாம்.
படம், பாட்டு, ஆபீஸ், ஆன்ட்டி வைரஸ்
எல்லாம் கோணிப்பையில்.
“இது மட்டும் சட்டப்படி சார்” என்று
உரிமக் காகிதத்தை நீட்டியிருக்கிறார், எட்டுப் பக்கம்.
எஸ்.ஐ. இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாராம்:
“சும்மா குடுக்கறவன்
எதுக்குய்யா இவ்ளோ பெரிய பத்திரம் எழுதறான்?”
அதுவும் கோணிக்குள் போனது.
“ஏழு வருஷத்துல திருடாம வித்த ஒரே சரக்கு.
மத்ததுக்கு ஜரிமானா கட்டினேன்.
அதுக்கு மட்டும்தான் சண்டை போட்டேன்.”

ராத்திரி முதல் தட்டைப் போட்டேன்.
நாற்பது ஜிபியில்
பழையதற்கு எவ்வளவு, புதியதற்கு எவ்வளவு,
கோட்டை எங்கே வைக்க என்று கேட்டது.
கேட்டுவிட்டுக் காத்திருந்தது.
எங்கள் பக்கம் கோடு போட்டவர்கள்
இவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.
எங்களுக்குத் தறி இந்த மாநிலம், கிணறு அந்த மாநிலம்.
தறிக்குக் கரண்ட் பில் தெலுங்கில் வரும்,
மோட்டாருக்குத் தமிழில்.
அம்புக்குறியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்து
சரிபாதியில் விட்டேன்.
வேறு எப்படிப் போடுவதென்று தெரியவில்லை.

இரண்டாவது தட்டு
அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
வெளியே எடுத்துப் பார்த்தால் முடி அளவு கீறல்.
பல்பொடி இல்லை, பேஸ்ட்தான் வேண்டும்.
தறியடியில் கிடந்த கழிவுப் பஞ்சில் தொட்டு
நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும்,
வட்டமாகத் துடைத்தால் செத்தது.
நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை.
மறுபடி முதலிலிருந்து.
அறுபத்தொன்று.
அறுபத்தொன்று.
அறுபத்திரண்டு.

மூன்றரை மணிக்குத் திரை வந்தது.
கோப்பு. தொகு. பார்வை. உதவி.
ஆறு வருஷமாக ஃபைலாக இருந்தது
கோப்பு என்று பெயர் சொல்லி நின்றது.
முகம் தெரியாத யாரோ
சம்பளமில்லாமல் உட்கார்ந்து தட்டியிருக்கிறார்,
‘கடவுச்சொல் தவரு’ என்று.
என் கடையில் போகிற அதே பிழை.
அந்த நேரத்தில் தனியாகச் சிரித்தேன்.

பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை.
எத்தனை தரம் சொன்னாலும்
அப்படி ஒரு பொருளே இல்லை என்றது.
ஆகவே பத்திரிகைகள் இன்னும்
கோட்டுக்கு அந்தப் பக்கம்,
திருட்டுப் பாதியில்தான் அச்சாகின்றன.
முகூர்த்த நாளுக்கு அது தெரியாது.

அடுத்த வியாழன் சித்தூர் போனபோது
இரண்டாவது தட்டுக்கு ஒரு நகல் எடுத்துப் போனேன்.
“உங்களதுல கீறல். இது நல்லது, வெச்சுக்குங்க.”
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“எவ்ளோ?”
“உள்ள இருக்கறது இலவசம். தட்டு பன்னெண்டு ரூபா.”
“பத்து.”
பத்துக்கே கொடுத்தேன்.
எலந்தைப்பழம் அஞ்சு ரூபாய்க்கு.