சுழி

கிண்டியில் அதன் பெயர் நைட் பிரிகேடியர்.
நீடாமங்கலத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை.
லாரியை விட்டு இறங்கிய அன்றே
பட்டாளத்தான் ஆகிவிட்டது.

இருபத்தேழு ஓட்டம், ஆறு வெற்றி,
ஊட்டி மழையில் ஒரு மூன்றாமிடம்.
பிறகு முன்னங்கால் நரம்பு
வாழைத்தண்டாய் வீங்கி
ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மூன்று வருடம்.
பதினோரு பெட்டைகள், நான்கு குட்டிகள்.
நான்கும் ஓடின, ஜெயிக்கத்தான் இல்லை.
இவ்வளவும் கூடவே வந்த காகிதத்தில் இருந்தது.
குலாம் தஸ்தகீர் ராவுத்தர் கொடுத்த விலை மட்டும்
என் கணக்கில்:
பழைய டிராக்டருக்குச் சற்றுக் கீழே.

ராவுத்தர் மில்லில் கணக்கு எழுதுகிறவள் நான்.
நெல்லுக்கு ஒரு பேரேடு, தவிட்டுக்கு ஒன்று.
மூன்றாவது ஒன்றை வாங்கிக் கொடுத்து
அட்டையில் 'பொலி' என்று எழுதச் சொன்னார்.
களத்துப் பொலி என்று நினைத்து
மூட்டைக்காரர்கள் அதில் கைநாட்டு வைத்தார்கள்.

காகிதத்தில் குதிரைப் படம் ஒன்று,
இடப்பக்கம், வலப்பக்கம்.
மயிர் சுழிக்கும் இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல்குறி.
கிண்டிக்காரர்களுக்கு அது கைரேகை,
ஒரு குதிரைக்கு இன்னொன்று ஓடிவிடக் கூடாதே.
எங்கள் பக்கத்தில் தலையெழுத்து.

வடுவூர் மாசிலாமணி படத்தைப் பார்க்கவில்லை.
விரலை முதுகெலும்பு ஓரமாய் ஓட்டினார்.
இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.
"பாடைச்சுழி" என்றார்.
செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
வலங்கைமான் அமிர்தலிங்கம்
டீ குடித்துவிட்டுப் போனார்.
அந்த வருடம் முழுக்க
செலவில் கொள்ளு, லாடம், தைலம்,
லாயக்கார எத்திராஜின் சம்பளம்.
வரவில் சுழி.

வம்பும் செலவில்தான் சேர்த்தி.
ரயில்வே கேட்டில் நிற்கவைத்தால்
காதை நிமிர்த்திக்கொண்டு நடுங்கும்.
தடுப்பு மேலே எழும்பியதுமே பாயும்.
ஒரு முறை மூன்று சைக்கிள்,
ஒரு கூடை முட்டை,
ஒரு கல்யாணப் பந்தல் வளைவு.
எல்லாவற்றுக்கும் ராவுத்தர் காசு கொடுத்தார்.
"கேட்டு திறந்தா ஓடத்தானேம்மா அதுக்குத் தெரியும்."

கொரடாச்சேரி சவரிமுத்து
ஒற்றைக்கண் பெட்டையை நடத்தியே கூட்டிவந்தார்.
சுழியைக் காட்டினோம்.
மறைத்துவிட்டோம் என்று பேச்சு வரக்கூடாது.
"பாடை எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ
வந்துட்டுப் போயிருச்சு.
பாக்கி நான் ஒருத்தன். வரட்டும்."
சினை நின்றால் இரண்டு மூட்டை,
நிற்காவிட்டால் ஒன்றுமில்லை.
நின்றது.

பதினோரு மாதத்தில் செவலைக் குட்டி, காலெல்லாம் கால்.
அது வண்டியில் பூட்டத் தேறிய வருடம்,
பொங்கல் கழிந்து புதுக்குதிரைப் பந்தயத்தில்
இரண்டாவது வண்டி கொடிக்கு வந்தபோது
சவரிமுத்து பாதி பீடி குடித்திருந்தார்.

மறு வாரம் மில் வாசலில் பெட்டைகள் வரிசை.
மாசிலாமணி மறுபடி விரலை ஓட்டினார்.
இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.
"பாடைன்னு எவன் சொன்னான்?
பல்லக்குய்யா இது!"
மயிர் ஒன்றும் இடம் மாறியிருக்கவில்லை.
ராவுத்தர் கூலியை நாலு மூட்டை ஆக்கினார்.

வம்சாவளிப் புத்தகம் வைத்திருப்பவர்கள்
குட்டிகள் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள்.
முப்பத்து மூன்று என்று ஊர் ஊராய் எழுதி அனுப்பினேன்.
தாய்களுக்குக் காகிதம் இல்லை,
கணக்கில் சேராது என்று திரும்பி வந்தது,
என் எண்ணை அடித்துவிட்டு
அதன் மேல் ஒரு சிறு வட்டம்.
அழகாகத்தான் போட்டிருந்தார்கள்.

ஆனியில் தண்ணீர் வந்துவிட்டது.
காலையில் எத்திராஜ்
மூணாறு தலைப்புக்கு ஓட்டிப் போகிறான்,
வீங்கிய காலை நனைக்க.
அங்கே வெண்ணாறு பிரிகிறது,
கோரையாற்றுக்குக் கொஞ்சம், பாமணிக்குக் கொஞ்சம்.
மதகுக்குக் கீழே தண்ணீர்
தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப்
போகிற வழியில் போகிறது.

பலகை தூக்க லஸ்கர் ராட்டினத்தில் கை வைக்கிறார்.
பட்டாளத்தானின் காது நிமிர்கிறது.
எத்திராஜ் கயிற்றை
உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறான்.