பின்சீட்டு

விற்கிற பையன் சாவியை
அவர் கையில் வைத்தான்.
அவர் என் கைக்கு மாற்றினார்.
பையன் ஒருமுறை சாவியைப் பார்த்தான்,
ஒருமுறை என்னை.
பிறகு போய் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் இது மூன்றாவது கடை.
முதல் கடையில் வண்டி
மாப்பிள்ளை மாதிரி நின்றது,
பின்சீட்டு மட்டும்
யாரோ போகிறபோக்கில் ஒட்டிவைத்த சோப்புக்கட்டி.
அடுத்ததில் மெத்தை நல்ல மெத்தை.
கால் வைக்கிற கம்பிதான் அத்தனை உயரத்தில்.
ஏறி உட்கார்ந்தவர்
ஒன்றும் சொல்லாமல்
கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்.
வேண்டாம் என்றேன்.

இடது முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காது அவருக்கு.
உளுந்தூர்பேட்டை தாண்டி
பஞ்சரான லாரிக்குக் கீழே
ஜாக்கி நழுவிய ராத்திரியிலிருந்து.
ஸ்கூட்டியில் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் வருவார்,
ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள்.
மாதம் இரண்டு தடவை ஜிப்மர்.
பஸ் படிக்கு அவர் கால் எட்டுவதற்குள்
கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார்.

"பவர் பாத்தீங்கன்னா சார்..."
சார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
கடையிலிருந்து கடல் தெரியாது என்றாலும்.
நான் கேட்டது
சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு என்று.
அது அவன் காட்டிய தாளில் இல்லை.
பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
பதினோரு வருஷமாக ரவிக்கை தைக்கிறேன்.
உடம்புக்குத் துணியை வெட்டியிருக்கிறேன்,
துணிக்கு உடம்பை வெட்டியதில்லை.
"அந்த முனையைப் பிடி தம்பி."
மண்டி போட்டுப் பிடித்தான்.
பத்தொன்பது அங்குலம்.
அப்புறம் சீட்டின் அகலம், சைலன்சர் எவ்வளவு தள்ளி,
இடது காலை ஊன்றி வலது காலை வீசினால் தாண்டுமா,
எல்லாவற்றையும் பில் புத்தகத்தின் பின்னால் குறித்தேன்.
"கழுத்து இறக்கம் கேக்காத குறைதான்" என்றார் அவர்.
காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

ஸ்டாண்டைத் தட்டியதும்
நூற்றுத் தொண்ணூறு கிலோவும்
என் தொடைமேல் வந்து சாய்ந்தது.
பயந்தேன். சொல்லவில்லை.
இரண்டு குதிகாலும் தரையில் பட்டன.
அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

செம்மண்டலம் சிக்னலில்
அவர் வலதுகால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
மஞ்சக்குப்பத்தில் மறுபடி.
நாக்பூர் வரை ஒத்தையாக ஓட்டியவர்
பின்னால் உட்கார்ந்தும்
ஓட்டிக்கொண்டேதான் வந்தார்.
"லெஃப்ட்ல நாய்."
பார்த்தேன்.
"பள்ளம்."
தெரியுது.
"கியரு..."
யோவ், தெரியுதுய்யா.
முதல் வேகத்தடைக்கு
கம்பியைப் பிடித்து முழுசாக எழும்பி உட்கார்ந்தார்.
மூன்றாவதுக்குப் பாதி.
தேவனாம்பட்டினம் வளைவுக்குப் பிறகு
எத்தனை வந்தன என்று நான் எண்ணவில்லை.

பீச்சில் நிறுத்தாமலே திருப்பினேன்.
காற்று இப்போது முதுகுப் பக்கம்,
அதாவது அவர் முதுகுக்கு.
பேச்சையே காணோம்.
நாய் இல்லை, பள்ளம் இல்லை, கியர் இல்லை.
டக்கென்று
என் ஹெல்மெட்டில் அவர் ஹெல்மெட் இடித்தது.
ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினால்
கண் மூடியிருக்கிறது,
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
இருபது வருஷம்
தூங்காமல் இருந்ததற்குச் சம்பளம் வாங்கிய ஆள்.

"தூங்குனியாய்யா?"
"இல்லையே."
"விழுந்திருந்தா?"
"நீதானே ஓட்டுறே."

கடையில் பையன் கலர் தாளை விரித்தான்.
அவர் சிவப்பில் விரலை வைத்தார்.
சிவப்புக்கு ஆறு வாரம் ஆகுமாம்,
சாம்பல்தான் கையிருப்பு.
அவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கட்டும்.
பின்னால் முதுகு சாய ஒரு குஷன் மாட்டுவார்களே,
அது எவ்வளவு என்று கேட்டேன்.
"மூவாயிரத்து இருநூறு. அது தனி, அக்கா."
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்,
முதல்ல அதை எழுது.