பேடு, நூறு உருப்படி

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில்
குஞ்சுப் பொரிப்பகம்.
ரசீது போடுகிற வேலை எனக்கு.
தமிழ் எம்.ஏ. படித்ததற்கு
அட்டைப்பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவேன்:
பெட்டை 100. பெட்டை 100. பெட்டை 100.

ஒருநாள் விடிகாலை, மூன்றாவது லோடு,
கை தானாக எழுதிவிட்டது:
பேடு 100.

முதலாளி கூப்பிட்டார்.
"இதென்னய்யா பாடு, பீடுன்னு?
எடுக்கறவன் என்ன நெனப்பான்?"
அடித்துத் திருத்தினேன்.

நாச்சிமுத்து மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.
மஞ்சள் விளக்குக்குக் கீழே அவன் இருக்கை.
மணிக்கு ஈராயிரம் உயிர் அந்த விரல்களைக் கடக்கும்.
இறக்கையை விசிறிபோல் பிரிப்பான்;
இறகு நெட்டையும் குட்டையுமாய் நின்றால் வலப்பக்கம்,
ஒரே மட்டமாய் இருந்தால் இடப்பக்கம்.
வலப்பக்கம் பண்ணைக்கு, முட்டைக்கு.
இடப்பக்கத்துக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

"அதென்னங்க சொல்லு?"
டீ குடிக்கும்போது கேட்டான்.
பழைய இலக்கணத்தில்
பறவையில் பெண்ணுக்கு அந்தப் பேர் என்றேன்.
ஆணுக்குச் சேவல்.
சிறகிருக்கிற எல்லாவற்றுக்கும் சேவல்,
மயிலைத் தவிர.
"மயிலு பாவம், என்னங்க பண்ணுச்சு?"
சாயல் பெண் மாதிரி இருக்கிறதாம்;
உரைகாரர் சொல்கிறார்.
வெளியே மக்காச்சோளக் காட்டில் ஒன்று அகவியது,
தன் வழக்கு நடப்பது தெரியாமல்.

மற்றதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ.
பேடு என்று ஓர் ஆடலும் உண்டு.
சிறைப்பட்ட மகனை மீட்கக்
காமன் பெண்ணாய்த் திரிந்து ஆடியது.

அவன் டீயை ஊதவில்லை. அது பாட்டுக்கு ஆறியது.
மாசியிலிருந்து வைகாசி வரை
சனிக்கிழமை ராத்திரிகளில்
எருமப்பட்டிப் பக்கம் கூத்தில் அவன்தான் ராணி.
பேரிலேயே நாச்சி முன்னால் நிற்கிறாள்.
பொரிப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும்,
தெரியாததுபோல் இருப்பார்கள்,
சாப்பாட்டுத் தூக்கை மட்டும் ஒரு முழம் தள்ளி வைப்பார்கள்.

"ஏனுங், அப்ப அந்தப் பேட
எந்தப் பெட்டியிலங்க போட்டாங்க?"

என் படிப்பு வாய் திறக்கவில்லை.

நூற்றுக்கு இரண்டு தப்பு விடலாம் என்பது கம்பெனி விதி.
நாற்பதாம் நாள் கொண்டை தடித்துச் சிவக்கும்.
பண்ணைக்காரன் போன் போடுவான்:
"பெட்டையில சேவல் வந்துருச்சுங்."
கழித்துக் கணக்கெழுதுவேன்.

சித்திரையில் ஒரு தேருக்குப் போயிருந்தேன்.
ராட்டினத்துக்குப் பக்கம் கூடையில் குஞ்சு விற்றார்கள்,
ரோஸ், பச்சை, ஊதா.
எங்கள் இடப்பக்கத்துக் குஞ்சுகள்.
சாயம் ஒரு மாதம் நிற்கும்.
குஞ்சு அவ்வளவு நாள் நிற்பதில்லை.

கூத்துக்களத்தில் இருவர் திரை பிடித்திருந்தார்கள்.
அதற்கு மேலே முதலில் தெரிந்தது கொண்டை,
பூ சுற்றிய கொண்டை.
பிறகு முத்துவெள்ளை பூசிய நெற்றி.
திரைக்குக் கீழே சலங்கை பொறுமையில்லாமல் நின்றது.
என் முன்னால் ஒரு பெண் பக்கத்தவளிடம் சொன்னாள்:
"நடையப் பாரு. நமக்கு வராது அது."

விடிந்ததும் நேரே வேலைக்கு வந்தான்.
காதோரம் அரிதாரம் ஒரு கோடு மிச்சம்.
உட்கார்ந்தான், விளக்கைப் போட்டான்,
முதல் குஞ்சின் இறக்கையைப் பிரித்தான்.
வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாக
உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.
வலம். இடம். இடம். வலம்.

நான் பேனா மூடியைத் திறந்தேன்.
முதலாளி கேட்டுக்கு அருகே நின்றிருந்தார்.
ஒற்றைக்கொம்பு போடும் இடத்தில்
இரட்டைக்கொம்பு விழுந்துவிட்டது.
பேட்டை 100 என்று கிளம்பியது லோடு.
எந்தப் பேட்டை என்று
ஒருவரும் போன் போட்டுக் கேட்கவில்லை.